பாலத்துக்கு அந்தப் பக்கம்

செய்தி வந்தது ஆறாம் மாதம் ஆறாம் தேதி, சாயங்காலம் நாலு மணிக்கு. கோயில் துணிகளுக்கு வெயில் காட்டும் நாள் அது. யான்கோவ் ஊரின் காவல் தெய்வத்துக்கும் அவர் மனைவிக்கும் சாத்துகிற அங்கிகளையும் பாவாடைகளையும் முற்றத்துக் கயிற்றில் காயப்போட்டுவிட்டு, பூச்சி அரித்த இடங்களை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள் ஹாவ் யின்தி. எதிர்ச் சிகரெட் கடைக்காரி ஷுவாங் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தாள். அந்தத் தெருவுக்கே அவள் கடையில்தான் போன்.

"யின்திக்கா, உன் தம்பி... லாரியை நிறுத்திட்டு தர்பூசணி தின்னுக்கிட்டு இருந்தானாம். அப்படியே சாய்ஞ்சுட்டானாம். தண்ணி தெளிச்சிருக்காங்க, தூக்கி நிறுத்திப் பார்த்திருக்காங்க. ஒண்ணும் இல்லியாம்க்கா."

யின்தி கையிலிருந்த சிவப்புப் பாவாடையின் ஓரத்தை விடவில்லை.

"எங்க?"

"பாலத்துக்கிட்ட."

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

ஷுவாங்குக்குப் பயம் வந்துவிட்டது. "என்னக்கா கேக்குற? சுன்குய் செத்துப்போயிட்டான்னு சொல்றேன்."

"காதுல விழுந்துச்சு. எந்தப் பக்கம்?"

"அந்தத் தர்பூசணிக்காரன் தார்ப்பாய் கட்டியிருக்கறது அந்தப் பக்கம்தானே."

யின்தி முற்றத்துக் கல்தரையில் உட்கார்ந்தாள். பாவாடையும் கயிற்றிலிருந்து நழுவி அவள் மடியில் வந்து விழுந்தது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஷுவாங் அன்றைக்குத் தெருவெல்லாம் சொன்னாள். பேதலிக்கவில்லை. யான்கோவ் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயில் பூசாரி நியே. இன்னொருத்தி அவள்.

குயி ஆற்றுக்கு இந்தக் கரை யான்கோவ் மாவட்டம், அந்தக் கரை லோபூ மாவட்டம். மாவட்டத்துக்கு ஒரு அதிகாரி இருக்கிறது போல, மண்ணுக்கடியிலும் மாவட்டத்துக்கு ஒரு அதிகாரி உண்டு. அவர்தான் ஊரின் காவல் தெய்வம். ஜனங்கள் எசமான் என்பார்கள். மூச்சு எந்த மண்ணில் நின்றதோ அந்த மண்ணின் எசமானிடம் போய்த்தான் செத்தவன் பேர் சொல்ல வேண்டும். மூன்று நாள் அங்கே காவலில் நிற்க வேண்டும். விசாரணை முடிந்து மேற்கொண்டு அனுப்பும் வரை அவனுக்குச் சாப்பாடு இல்லை. வீட்டார் மூன்று வேளையும் தண்ணீராகக் காய்ச்சிய தினைக் கஞ்சி கொண்டுவந்து கோயிலில் ஊற்றினால்தான் உண்டு.

யான்கோவ் கோயிலில் அதற்கு ஒரு மாடம் இருக்கிறது. கிழக்குத் திண்டுக்குப் பின்னால், கறுத்த முகத்துச் சேவகர் சிலைக்குக் கீழே. கஞ்சி ஊற்றுவதற்கு முன் ஒரு அலுமினியச் சல்லிக்காசை அந்தப் பழைய செங்கல் சுவரில் வைத்து அழுத்துவார்கள். காசு விழாமல் எங்கே ஒட்டி நிற்கிறதோ அங்கே ஆள் நிற்கிறான் என்று அர்த்தம். அந்த இடத்துக்கு நேர் கீழே ஊற்ற வேண்டும். பதினோரு வருஷமாக அந்த மாடத்தைப் பார்த்துக்கொள்வது யின்தியின் வேலை. ஊற்றுவார்கள், அழுவார்கள், பானையை மறந்துவிட்டுப் போவார்கள். அவள் கழுவித் துடைத்து மாடத்தைக் காயவைப்பாள். துக்கத்தில் நிதானம் தப்பி மளமளவென்று கவிழ்க்கிறவர்களைப் பார்த்தால், "மெதுவாப்பா, அவரு வாயிலயா ஊத்துற, மூக்குலயா?" என்பாள். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்திருக்கிறார்கள்.

அவள் அங்கே வேலைக்கு வந்தது விரும்பி அல்ல. பஞ்சாலையில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தாள். ஆலையை மூடினார்கள். புருஷன் அதற்கு முன்னமே இருமி இருமிப் போய்ச் சேர்ந்திருந்தான். பிள்ளை இல்லை. அந்தச் சமயத்தில்தான், நெடுங்காலம் விதைக் கிடங்காக இருந்த கோயிலைத் திருப்பித் தந்தார்கள். சிலையின் தலை மட்டும் யாரோ ஒளித்துவைத்திருந்த ஒரு வீட்டு உருளைக்கிழங்குக் குழியிலிருந்து வந்து சேர்ந்தது; உடம்பைப் புதிதாகச் செய்தார்கள். தலை கொஞ்சம் சின்னது. இந்த எசமான் உயிரோடு இருந்த காலத்தில் இதே ஊருக்கு அதிகாரியாக இருந்தவராம். வெள்ளத்தில் கரை உடைந்தபோது கோட்டைக் கதவுகளைக் கழற்றிக் கொண்டுபோய் உடைப்பில் வைத்து, ஆட்களோடு தானும் முட்டுக்கொடுத்து நின்று, அப்படியே போய்விட்டார். செத்த பிறகும் அவரை ஊரை விட்டு மாற்றவில்லை. அதே ஊர், அதே பதவி. "பென்ஷனும் கிடையாது, லீவும் கிடையாது" என்பார் நியே. வாசலுக்கு மேலே ஆள் உயரத்துக்குத் தொங்கும் கணக்குப் போடும் மணிச்சட்டத்தைப் பார்த்தால் கணக்கில் தவறு செய்கிறவராகத் தெரியாது. அதன் கீழே பலகையில் 'நீயும் வந்துவிட்டாயா' என்று எழுதியிருக்கும்.

அந்தப் பலகையைப் பார்த்து வாரம் தவறாமல் பதில் சொல்லிக்கொண்டு வருகிறவன் சுன்குய். "வந்துட்டேன், வந்துட்டேன். அக்கா எங்க?" லாரியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்துவான். உள்ளே வரும்போது உயிரைப் பிடிக்க வருகிற, நாக்கைத் தொங்கவிட்டு நிற்கும் நெட்டைச் சேவகர் சிலையின் முழங்காலில் தட்டி, "மாமா, பட்டியல்ல நம்ம பேரு வந்துச்சுன்னா ரெண்டு வாரம் கீழ தள்ளி வைங்க, லாரிக்குத் தவணை இருக்கு" என்பான். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. யின்திக்குப் பதினான்கு. தம்பி பிறக்க வேண்டும் என்று வைத்த பேர்தான் அவள் பேர். பிறந்தவனை வளர்த்ததும் அவளே என்றானது. அவன் முதல் தடவை லாரி ஓட்டியபோது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டே போனவள் அவள்.

"செத்தவனுக்கெல்லாம் கஞ்சி ஊத்துறே. உயிரோட இருக்கறவன் வந்திருக்கேன், எனக்கு நூடுல்ஸ் சீவிப் போடு. வினிகர் நிறைய."

"வீட்டுல லான்சி போட மாட்டாளா?"

"போடுவா. திட்டிக்கிட்டே போடுவா."

"நானும் திட்டத்தான் போறேன்."

"நீ போட்டு முடிச்சிட்டுத் திட்டுவே."

பிணத்தை அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்தார்கள். அவன் பெண்டாட்டி லான்சி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆவிக்கு வழிகாட்ட, காலைக் கட்டிய சேவல் ஒன்று கால்மாட்டில். யின்தி பாலத்துக்கு நடுவில், மாவட்ட எல்லை என்று வெள்ளைச் சாயம் போட்ட கோட்டின்மேல் நின்று, "சுன்குய், பாலம் வந்திருச்சு, கவனமா ஏறி வா" என்று வழக்கப்படி கூப்பிட்டாள். கூப்பிடும்போதே வரமாட்டான் என்று தெரிந்திருந்தது. காவலில் நிற்கிறவன் எப்படி வருவான்?

தர்பூசணித் தார்ப்பாய் கோட்டிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்தான். அடுப்புப் பற்றவைக்கிற நேரம் மூச்சு பொறுத்திருந்தால் லாரி இந்தக் கரைக்கு வந்திருக்கும்.

வீட்டில் கிடத்திவிட்டு, வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, முதல் வேளைக் கஞ்சியோடு அவள் கோயிலுக்குத்தான் போனாள். முற்றத்துத் துணிகளை நியே பூசாரியே எடுத்து உள்ளே வைத்திருந்தார்.

"ஊத்தும்மா," என்றார் அவர். "நம்ம மாடத்துலயே ஊத்து. அவன் இந்த ஊரு புள்ள. குடும்ப அட்டை இங்கதான இருக்கு."

"அட்டை எங்க இருந்தா என்ன, பெரியவரே? மூச்சு அங்க நின்னுச்சு."

"நான் ஊத்துன்னு சொல்றேன். எசமான் வந்து வேணாம்னு தடுக்கப் போறாரா?"

"ரெண்டு எசமானுக்கு நடுவுல நாம பூந்து குழப்பக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது அக்கரைக்காரங்க வந்தப்ப சொன்னது."

"அவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?"

அவர் தாடியைப் பிடித்துக்கொண்டார். யின்தி சல்லிக்காசை எடுத்தாள். எத்தனையோ பேருக்காக அந்தச் சுவரைத் தொட்டிருக்கிறாள். எந்தச் செங்கல் சொரசொரப்பு, எது வழுக்கல் என்று இருட்டிலும் தெரியும். காசு எளிதில் ஒட்டும் இடம் சேவகரின் இடது பாதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வைத்து அழுத்தினாள். விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். விழுந்தது. நியே குனிந்து எடுத்து, தானே எச்சில் தொட்டு வைத்தார். அதுவும் விழுந்தது.

"காத்து வறண்டு கிடக்கு," என்றார்.

"இல்ல. இங்க இல்ல அவன்."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாராவது தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டை போட அவளுக்குத் தெரியும். தடுக்க ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

வீட்டில் லான்சி அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ரொட்டி அவிக்க வேண்டும்.

"நாளைக்கு லோபூவுக்குப் போறேன்," என்றாள் யின்தி.

"எதுக்கு அண்ணி?"

"கஞ்சி ஊத்த."

"இங்க அவரு தலைமாட்டுல உக்கார ஆள் இல்ல. நீங்க பானையைத் தூக்கிக்கிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போறீங்க." லான்சி மாவை ஓங்கி அடித்தாள். "நெஞ்சு வலிக்குதுன்னு ரெண்டு மாசமாச் சொன்னாரு. நான் சொன்னேன், பூண்டு குறைச்சுத் தின்னுங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

"வெந்நீர் குடின்னு சொன்னேன்."

"ம். குடிச்சாரு."

இருவரும் கொஞ்சநேரம் அழுதார்கள். அப்புறம் லான்சியே தினை அளந்து ஊறப்போட்டாள்.

லோபூவில் கோயில் இல்லை என்பது யின்திக்குத் தெரியும். இடித்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இடம் என்று ஒன்று இருக்குமே என்று நினைத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கி விசாரித்தபோது, துணிச் சந்தையைக் காட்டினார்கள். மேலே தகரக் கூரை. வரிசை வரிசையாகக் கடைகள். கிழக்குப் பக்கம் எது என்று வெயிலைப் பார்த்துக் கண்டுபிடித்து, மாடம் இருந்திருக்கக்கூடிய மூலைக்குப் போனாள். அங்கே காலுறை விற்கும் ஒருவன் இருந்தான். தாவ் என்று பேர்.

"எசமான் கோயில் இங்கதான இருந்துச்சு?"

"இன்னும் இருக்காரே." உள்சட்டை மாட்டி நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் பொம்மையைக் காட்டினான். "இவருதான். தலை மட்டும் இல்ல."

அவள் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அப்புறம்தான் பார்த்தான். அவன் முகம் மாறியது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான்.

"மன்னிச்சுக்கக்கா. ஊத்திக்கங்க. சாக்ஸ் மேல படாமப் பார்த்துக்கங்க, அவ்வளவுதான்."

சுவரெல்லாம் வெள்ளை ஓடு பதித்திருந்தது. காசை வைத்தாள். சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய் டப்பாவுக்குப் பின்னால் விழுந்தது. தாவ் எடுத்துக் கொடுத்தான். ஓடும் ஓடும் சேரும் சிமெண்டுக் கோட்டில் வைத்துப் பார்த்தாள். தூணில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் தாவ் பசை டப்பாவைக்கூட நீட்டினான். அவள் வேண்டாம் என்றாள்.

"பசை போட்டு ஒட்டுனா, அவன் நிக்கிற இடமா அது?"

சுவரோரம் சாக்கடைக்குப் போகும் சின்ன வழி இருந்தது. அதில் மெதுவாக ஊற்றினாள். "சுன்குய், அக்கா. இங்க யார்கிட்டப் பேர் சொன்னியோ எனக்குத் தெரியல. குடி." பக்கத்தில் முட்டைக்கோஸ் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கரைக்கா நீங்க?"

"அக்கரை."

"அட. உங்க ஊர்ல கோயில் இருக்கே. முன்ன நாங்கள்லாம் அங்க கொண்டு வருவோம். அங்க ஒருத்தி இருக்காளாமே, பானையைப் பார்த்தாலே எந்தக் கரைன்னு கேப்பாளாம். எங்க சித்தப்பா செத்தப்பத் திருப்பி அனுப்பிட்டா."

யின்தி பானையின் விளிம்பைத் துடைத்தாள். "அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? வர்ற வழியில பாலத்துல இருந்து ஆத்துல ஊத்திட்டோம்."

"அவரு... கனவுல கினவுல வந்தாரா?"

"எங்க சித்தி கனவுல வந்து பசிக்குதுன்னாராம். ஆனா சித்திக்கே எப்பவும் பசிதான். யாரு பசியோ, சரியாத் தெரியல."

அந்தப் பெண் சிரித்தாள். தாவும் சிரித்தான். யின்தி அன்று மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் அங்கேயே இருந்தாள். தாவின் மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சியைச் சூடாக்கிக்கொண்டாள். சந்தை மூடியதும் கடைசிப் பஸ்ஸில் வந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். காசு ஒட்டவில்லை. அன்றைக்குத் தாவே அவளுக்காக மூலையைப் பெருக்கி வைத்திருந்தான். முட்டைக்கோஸ்காரி கொஞ்சம் உப்பு ஊறுகாய் கொடுத்து, "வெறும் கஞ்சியா ஊத்தாதீங்க" என்றாள். லாரி ஓட்டியா, என்ன வயசு, பிள்ளைகள் உண்டா என்றெல்லாம் கேட்டாள். யின்தி எல்லாம் சொன்னாள். தான் எந்த வேலை பார்க்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் வானம் சட்டிக் கரியாக இருந்தது. மேல்மலையில் பெய்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

செத்த நாளை விட்டு எண்ணினால் மூன்றாம் நாள்தான் முக்கியம். அன்றைக்கு விசாரணை முடிந்து கையில் பயணச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போகிற வழி நீளம். நடுவில் எங்கேயும் யாரும் எதுவும் தர மாட்டார்கள். அதனால் முந்தின நாள்கள் தவறினாலும் மூன்றாம் நாள் தவறக் கூடாது என்று மாடத்துக்கு வருகிறவர்களிடம் அவள்தான் சொல்லி அனுப்புவாள். விடியும் முன்னே கஞ்சியைச் சற்றுக் கெட்டியாகவே காய்ச்சி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நடுப்பகலில் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

பாலத்து முகப்பில் மூங்கிலைக் குறுக்கே கட்டி, பச்சை மழைக்கோட்டுக்காரன் ஒருவன் நின்றான். ஆறு செம்மண் நிறத்தில் பாலத்தின் வயிற்றை முட்டிக்கொண்டு போனது. ஒரு முழு மரம் வந்து தூணில் மோதி, சுழன்று, நுழைந்து போனதை அவள் பார்த்தாள்.

"பாலம் மூடியாச்சுக்கா."

"நடந்து போயிடறேன்."

"நடந்தும் கூடாது."

"தம்பி, கஞ்சி கொண்டு போறேன். அங்க ஊத்திட்டு உடனே வந்துருவேன்."

அவன் அவள் தலைத்துணியைப் பார்த்தான். கஷ்டப்பட்டான். "நான் விட்டா எனக்கு வேலை போயிடும்கா. நீங்க விழுந்தா நான் என்ன செய்வேன்?"

"அந்தப் பக்கம் ஆள் நிக்கிறாங்கள்ல? அவங்ககிட்டக் கொடுத்து..."

"எப்படிக் கொடுப்பீங்க? தூக்கியா எறிவீங்க?"

மழை அங்கேயும் வந்துவிட்டது. எதிர்க்கரையில் தர்பூசணித் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரனைக் காணோம். அவள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைக்கோட்டுக்காரன் ஒருதரம் வந்து குடை பிடித்தான். அப்புறம், அவளுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சொன்னான்:

"இங்கயே ஊத்துங்களேன்கா. ஆறு அந்தக் கரையையும் தொட்டுக்கிட்டுத்தான போகுது."

அவள் பானையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். வெள்ளத்தின் விளிம்புக்குப் போய்க் குனிந்தாள். பானையைச் சாய்க்கும் முன் அந்தச் சித்தப்பா நினைவுக்கு வந்தார். மறுபடி துணியைச் சுற்றிக் கட்டினாள்.

நியே பூசாரி தன் ஓட்டைக் குடையோடு தேடி வந்தார். உடம்பெல்லாம் நனைந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "தூக்கப் போறாங்கம்மா. லான்சி உனக்காக நிறுத்தி வெச்சிருக்கா. மழையில ஆளுங்க நிக்க மாட்டேங்குறாங்க," என்றார்.

"அவன் அங்க நிக்கிறான், பெரியவரே. வெறும் வயித்தோட அனுப்பிடுவாங்க."

"நான் எழுதித் தர்றேன். நம்ம எசமான் முத்திரை போட்டு அந்த எசமானுக்கு. எங்க ஊரு ஆளு, பார்த்து அனுப்புங்கன்னு. இங்கயே கொளுத்துவோம்."

"வாங்கிப் படிக்க அங்க யாரு இருக்கா?" என்றாள் யின்தி. "ரெண்டு நாளாப் பார்த்துட்டு வந்தேன். அங்க ஒருத்தரும் இல்ல. பேர் சொல்லவே ஆள் இல்ல. அவன் யாருக்குக் காத்துக்கிட்டு நிக்கிறான்னே எனக்குத் தெரியல."

பதினோரு வருஷமாக மாடத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள் ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறாள். நியேவும், கோயில் கிடங்காகக் கிடந்த காலத்திலும் விடாமல், அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அந்த மழையில் இருவருக்கும் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் குடையை அவள் பக்கம் சாய்த்தார். அது ஓட்டைப் பக்கமாக இருந்தது.

"உடம்பையாவது போய்ப் பாரும்மா," என்றார் கடைசியில்.

அவள் போனாள். பானை இடுப்பில் இருந்தது. மேட்டு நிலத்துச் சேற்றில் கால் புதையப் புதையப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், குழியில் தண்ணீர் ஊறியிருந்தது, இறைக்க இறைக்க ஊறியது, அப்படியே இறக்கினார்கள். லான்சி மண்ணை அள்ளிப் போட்டபோது அது மண்ணாக விழவில்லை, சேறாக விழுந்தது. பானை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியின்மேல் ஊற்றிவிடலாம் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். யின்தி தலையை அசைத்து மறுத்தாள். அவன் அதில் இல்லை.

மதியம் மறுபடி பாலத்துக்குப் போனாள். சாயங்காலமும் போனாள். மழைக்கோட்டுக்காரன் மாறி வேறொருவன் நின்றான். அவனும் அக்கா என்றுதான் கூப்பிட்டான், அவனும் விடவில்லை. வெளிச்சம் போகும் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து பானையை அடுப்பு மேடையில் வைத்தாள். லான்சி அதை எடுக்கவில்லை, கழுவவில்லை.

பாலத்தைத் திறந்தபோது மாதம் முடிந்திருந்தது. மூன்றாம் நாளுக்கு உரிய கஞ்சி ஒரு வேளைகூட ஊற்றப்படவில்லை.